அயல்நாட்டில் உடுத்துவதும் துணி வாங்குவதும்: டெல்டா வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வெளிநாடு புறப்படுகிறவர்கள், விசா கைக்கு வந்ததும் முதலில் கேட்கத் தொடங்குவது துணியைப் பற்றித்தான். ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குப் போகும் தஞ்சாவூர்ப் பிள்ளைகள், இங்கிலாந்து மருத்துவமனைகளில் வேலை கிடைத்த செவிலியர்கள், கூத்தாநல்லூரிலிருந்தும் முத்துப்பேட்டையிலிருந்தும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள், மகளின் பிரசவத்துக்காகக் கனடா செல்லும் தாய்மார்கள் என்று சூழ்நிலை வேறுபட்டாலும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. லண்டனிலும் டொராண்டோவிலும் குடும்பம் நடத்திவிட்டு ஊர் திரும்பியவள் என்பதால் என்னைத் தேடி வந்த கேள்விகளை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

அக்கா, அங்கே எல்லாம் விலை ஜாஸ்தியாமே. ஸ்வெட்டர், கோட்டு எல்லாத்தையும் இங்கேயே வாங்கிடலாமா?

வேண்டாம். டெல்டாவில் மார்கழி, தை மாதங்களில்கூட இரவு வெப்பநிலை 20 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்குவது அரிது. ஆகவே இங்குள்ள கடைகளில் கிடைக்கும் ஸ்வெட்டர்கள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சுற்றுலா போகிறவர்களை நினைத்து வரவழைக்கப்பட்டவை. பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் ஊரில், காற்றைத் தடுக்காத அந்தப் பின்னல் துணி போதாது. நல்ல விலை கொடுத்து இரண்டு மூன்று வாங்கிச் சென்றவர்கள் முதல் பனிக்காலத்திலேயே அங்கே மறுபடியும் வாங்குகிறார்கள். பணமும் போய், பெட்டியில் இடமும் போய்விடுகிறது.

நான் எல்லோரிடமும் வலியுறுத்துவது இதுதான்: வானிலைக்கான உடையை அந்த வானிலை உள்ள ஊரில் வாங்குங்கள், தையற்காரர் கைபட வேண்டிய உடையை இங்கே தைத்து எடுத்துச் செல்லுங்கள். ரவிக்கை, சுடிதார், உள்பாவாடை, அளவெடுத்துத் தைத்த பேன்ட் போன்றவற்றுக்கு அங்கே தையல் கூலியே துணி விலையைத் தாண்டிவிடும். கோட்டு, பூட்ஸ், கையுறை, மழையங்கி ஆகியவையோ அந்த ஊரின் குளிருக்கு ஏற்றவையாக, பல விலைகளில், ஒவ்வொரு கடைத்தெருவிலும் கிடைக்கும்.

விமானத்தை விட்டு இறங்குன அன்னைக்கே குளிர் அடிச்சா என்ன பண்றது?

எந்த மாதத்தில் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்திலும் கனடாவிலும் செப்டம்பரிலும், ஜெர்மனியில் அக்டோபரிலும் படிப்பு தொடங்குவதால், பெரும்பாலான மாணவர்கள் கடுங்குளிருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு சாதாரண ஜாக்கெட்டும் ஒரு ஸ்வெட்டரும் முதல் சில வாரங்களுக்குப் போதும். ஜனவரிச் சேர்க்கையில் போகிறவர்களின் நிலை வேறு. அவர்கள் மட்டும் சென்னையில் மலையேற்றத்துக்கும் பனிப்பிரதேசப் பயணத்துக்கும் உடை விற்கும் பெரிய விளையாட்டுப் பொருள் கடைகளில் ஒரு நல்ல கோட்டும், தெர்மல் எனப்படும் குளிர்கால உள்ளாடை இரண்டு ஜோடியும் வாங்கிக்கொள்ள வேண்டும். கோட்டைப் பெட்டியில் வைக்காமல் உடுத்திச் சென்றால் எடைக் கணக்கில் வராது. உடுத்தியிருக்கும் உடையை விமான நிறுவனங்கள் பொதுவாக எடை போடுவதில்லை.

ஆஸ்திரேலியா போகிறவர்கள் பருவம் தலைகீழ் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நம் ஊரில் ஆனி, ஆடி வெயில் காயும் ஜூன், ஜூலை மாதங்கள்தாம் மெல்போர்னில் குளிர்காலம்.

குளிருக்கு எத்தனை ஸ்வெட்டர் போட்டுக்கணும்? மூணு போட்டும் நடுங்குதுன்னு பையன் சொல்றான்.

எண்ணிக்கையைவிட அடுக்கும் துணிவகையும் முக்கியம். உடலை ஒட்டி வியர்வையை வெளியேற்றும் தெர்மல், அதன்மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் கம்பளி அல்லது ஃப்ளீஸ் எனும் மென்மையான செயற்கை இழைத் துணி, எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் கோட்டு என்ற மூன்று அடுக்குகள் போதும். உங்கள் பையனுக்கு உள்ளே பருத்தி பனியனும் வெளியே காற்று புகும் ஸ்வெட்டரும் இருந்தால், நடுவில் எத்தனை போட்டாலும் நடுக்கம் நிற்காது.

நம் மண்ணில் உயிர் காக்கும் பருத்தி அங்கே உள்ளாடையாக ஏன் உதவுவதில்லை என்று பலர் வியக்கிறார்கள். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்துக்கொள்ளும். அந்த ஈரம் உலரும்போது உடலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கோடையில் மண்பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டித் தண்ணீரைக் குளிர வைக்கிறோமே, அதே வேலைதான் பேருந்தைப் பிடிக்க ஓடிவந்து நிறுத்தத்தில் நிற்கும் பையனின் முதுகில் நடக்கிறது. மெரினோ கம்பளியோ பாலியெஸ்டர் தெர்மலோ ஈரத்தை அப்படித் தேக்குவதில்லை. கம்பளி சற்று ஈரமானாலும் கதகதப்பைக் கைவிடாது. பறவை இறகு அடைத்த கோட்டு நல்ல வெப்பம் தரும் என்றாலும் நனைந்தால் அந்த இறகு ஒட்டிப்போய்ப் பயனற்றதாகிவிடும். ஆகவே உலர்ந்த பனி விழும் கனடாவின் உள்நாட்டு ஊர்களுக்கு அதையும், சதா தூறல் போடும் இங்கிலாந்துக்கு நீர் புகாத மேலடுக்கையும் தேர்ந்தெடுப்பது நல்லது.

காது, கை, கால் மூன்றையும் மறந்துவிடாதீர்கள். காதை மூடும் தொப்பியும் கழுத்துக்கு மஃப்ளரும் இல்லாவிட்டால் விலையுயர்ந்த கோட்டும் முழுப்பயன் தராது. பூட்ஸை ஓர் அளவு தாராளமாக வாங்குங்கள். தடித்த காலுறை போட்டபின் விரல்களை அசைக்க இடம் இருக்க வேண்டும், ஏனெனில் இறுக்கமான காலணியில் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். அடிப்புறம் வழுக்காத ரப்பராக இருப்பது அவசியம். கனடாவில் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவதால், தோல் காலணிகளில் வெள்ளை வெள்ளையாகக் கறை படிந்து தோல் வெடித்துவிடும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

எங்க வீட்டுக்காரர் துபாய் போறார். அங்கேயும் வெயில்தானே, நம்ம ஊர்த் துணியே போதும்ல?

பெரும்பாலும் போதும். ஆனால் ஒரு மெல்லிய ஸ்வெட்டராவது கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே அலுவலகம், பேருந்து, கடைவளாகம் எல்லாமே ஏசி குளிரில்தான் இயங்குகின்றன. சவூதியின் ரியாத் போன்ற உள்நாட்டு ஊர்களில் ஜனவரி இரவுகள் உண்மையிலேயே குளிரும். வெளிவேலை செய்கிறவர்கள் முழுக்கைப் பருத்திச் சட்டையும், கழுத்தை மூடும் துணியும், அகன்ற விளிம்புள்ள தொப்பியும் வைத்துக்கொள்ளட்டும். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது என்று விதி இருக்கிறது. எனினும் மீதி நேரத்து வெயிலும் கடுமையானதே.

பெண்களும் ஆண்களும் பொது இடங்களில் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துவது அங்கே எதிர்பார்க்கப்படுகிறது. நம் சுடிதாரும் புடவையும் அதற்கு முற்றிலும் பொருந்தும். சவூதியில் வெளிநாட்டுப் பெண்கள் அபாயா என்ற நீண்ட மேலங்கியை அணிந்தே தீர வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை. அடக்கமான உடை போதும்.

சிங்கப்பூருக்கு?

ஆண்டு முழுவதும் நம் ஐப்பசி மாதம்போலப் புழுக்கமும் மழையும் இருக்கும் ஊர் அது. பருத்தி உடை, குடை, நனைந்தால் விரைவில் காயும் செருப்பு, அலுவலக ஏசிக்கு ஒரு மேலாடை, அவ்வளவுதான். மறந்துபோன எதையும் சிராங்கூன் சாலையிலும் தேக்கா சந்தையின் மாடியிலும் வாங்கிக்கொள்ளலாம்.

இங்கே நான் 40 சைஸ் சட்டை. அங்கே போனா அளவே புரியலைங்க. எப்படிப் பார்க்கறது?

தையல் டேப் ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் அதைவிடப் பயனுள்ள பொருள் வேறில்லை. மார்பு, இடுப்பு, புட்டம், கால் உள்நீளம், கழுத்து ஆகியவற்றை அங்குலத்திலும் சென்டிமீட்டரிலும் அளந்து கைபேசியில் எழுதி வைத்துக்கொண்டால், எந்த நாட்டுக் கடையின் அளவு அட்டவணையோடும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆண்களின் முறையான சட்டை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கழுத்து அளவை அங்குலத்தில் வைத்து விற்கப்படுகிறது. ஐரோப்பாவில் அதே கழுத்து அளவு சென்டிமீட்டரில் இருக்கும். இங்கிலாந்தில் 15.5 என்றிருப்பது ஐரோப்பாவில் 39.

பெண்களின் உடை அளவுதான் அதிகக் குழப்பம் தருகிறது. இங்கிலாந்தில் 12 என்று குறிக்கப்படும் உடை அமெரிக்காவில் 8, ஜெர்மனியில் 38, பிரான்சில் 40. காலணியில் நம் நாட்டு எண்கள் இங்கிலாந்து முறையைப் பின்பற்றுபவை. நம் 8, ஆண்களுக்கு அமெரிக்காவில் 9 ஆகவும் ஐரோப்பாவில் 42 ஆகவும் இருக்கும். எண் எதுவானாலும் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். கோட்டை மட்டும், உள்ளே ஸ்வெட்டர் அணிந்தபடியே போட்டுப் பாருங்கள். நம் உடல்வாகுக்கு அங்குள்ள கைநீளமும் கால்நீளமும் கூடுதலாக இருப்பது வழக்கம்; உயரம் குறைந்தவர்களுக்கென்று தனிப் பிரிவு பல கடைகளில் உண்டு, சிறுவர் பிரிவில் பெரிய அளவும் பலருக்குச் சரியாக அமைகிறது.

துணியில ஒரு விலை போட்டிருக்கு, பில்லுல வேற விலை வருது. ஏமாத்தறாங்களா?

இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் விலைச்சீட்டில் வரி சேர்க்கப்படுவதில்லை. பணம் கட்டும் இடத்தில்தான் சேரும். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் அந்த வரி 13 விழுக்காடு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நம்மவர்கள் மிகுதியாக வாழும் நியூ ஜெர்சியில் பெரும்பாலான உடைகளுக்கு விற்பனை வரி கிடையாது. பிரிட்டன், ஐரோப்பா, சிங்கப்பூர், அமீரகம் ஆகிய இடங்களில் சீட்டில் இருப்பதே முழு விலை.

குழந்தைத் துணியில் ஒரு நன்மை இருக்கிறது. பிரிட்டனில் பெரியவர் உடைக்கு உள்ள 20 விழுக்காடு வரி சிறுவர் உடைக்கும் காலணிக்கும் இல்லை. ஒண்டாரியோவில் 13-க்குப் பதில் 5 மட்டுமே. நான் மேலே சொன்ன சிறுவர் பிரிவு உயரம் குறைந்தவர்களுக்கு இந்த வகையிலும் உதவுகிறது.

நம்ம ஆடித் தள்ளுபடி மாதிரி அங்கே எப்போ வரும்?

கோட்டும் பூட்ஸும் செப்டம்பரில் கடைக்கு வரும், ஜனவரியில் விலை இறங்கும், பிப்ரவரி முடிவதற்குள் நல்ல அளவுகள் தீர்ந்துபோகும். நவம்பர் நான்காம் வியாழனுக்கு மறுநாள் வரும் கறுப்பு வெள்ளியும், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியாவில் டிசம்பர் 26-ஆம் நாளும் பெரிய தள்ளுபடி நாட்கள். பிரான்சில் குளிர்காலத்திலும் கோடையிலுமாக ஆண்டுக்கு இருமுறை, அரசு குறிக்கும் நாளில், நான்கு வாரம் நடக்கும். ஆஸ்திரேலியாவில் நிதியாண்டு ஜூன் 30-இல் முடிவதால் குளிர்கால உடைக்கே அப்போது தள்ளுபடி கிடைக்கிறது.

முதலாண்டில் தள்ளுபடிக்காகக் காத்திருந்து குளிரில் நடுங்க வேண்டாம் என்பது என் கருத்து. முதல் கோட்டைத் தேவைப்படும்போதே வாங்குங்கள். இரண்டாவதை ஜனவரியில் வாங்கலாம்.

பேரம் பேசலாமா?

பெரிய கடைகளில் கூடாது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளிலும், துபாய் மீனா பஜார் போன்ற துணிக்கடைத் தெருக்களிலும் பேசலாம்.

அங்கே பழைய துணிக் கடையில வாங்கறாங்களாமே. பிறத்தியார் போட்ட துணியை வாங்கறது சரியா?

உடுத்திய துணியை வாங்கி உடுத்துவது நம் வீடுகளில் வறுமையின் அடையாளமாகவும் தோஷமாகவும் கருதப்பட்டு வந்ததால், பெற்றோர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பது எனக்குப் புரிகிறது. அங்கே அந்தக் கடைகளில் பேராசிரியர்களும் வாங்குகிறார்கள், மாணவர்களும் வாங்குகிறார்கள். பிரிட்டனில் அவற்றில் பெரும்பாலானவை ஆக்ஸ்ஃபாம் போன்ற அறக்கட்டளைகளால் நடத்தப்படுபவை. விற்ற பணம் இதய ஆராய்ச்சிக்கோ பட்டினி ஒழிப்புக்கோ போகிறது. கனடாவில் வேல்யூ வில்லேஜ், அமெரிக்காவில் குட்வில் ஆகியவை பெரிய அளவில் இயங்குகின்றன.

கோட்டு, கம்பளி ஸ்வெட்டர், நேர்முகத் தேர்வுக்கான சூட்டு, வளரும் குழந்தையின் பனியுடை ஆகிய நான்கையும் தயங்காமல் அங்கே வாங்கலாம் என்பேன். குழந்தை ஒரு பருவத்தில் வளர்ந்துவிடும் உடைக்குப் புது விலை கொடுப்பது வீண் செலவு. உள்ளாடையும் பிறர் கால்பதிவு ஏறிய காலணியும் வேண்டாம். கோட்டின் ஜிப்பும் அக்குள் தையலும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கி, துவைக்கக்கூடியதைத் துவைத்தும் மற்றதைச் சலவைக்குக் கொடுத்தும் பிறகு உடுத்துங்கள்.

வாங்குன துணியைத் திருப்பிக் கொடுத்தா காசு தருவாங்களாம். நிஜமா?

நிஜம்தான், ஆனால் கடையில் வாங்கியதற்கும் இணையத்தில் வாங்கியதற்கும் வேறுபாடு உண்டு. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இணையத்தில் வாங்கிய துணியை, கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று அறிவிக்கச் சட்டம் உரிமை தருகிறது. நேரில் கடையில் பார்த்து வாங்கியதற்கு அத்தகைய உரிமை இல்லை. பெரும்பாலான கடைகள் தம் விருப்பத்தால் சில வாரம் அவகாசம் தருகின்றன. குறையுள்ள பொருளாக இருந்தால் நிலைமை வேறு: பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாட்களுக்குள் முழுப் பணத்தையும் கேட்கலாம். அமெரிக்காவில் அந்தந்தக் கடையின் விதியே செல்லும்.

விலைச்சீட்டைக் கிழிக்காமல், ரசீதைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும். உள்ளாடையையும் காதணியையும் திரும்ப எடுப்பதில்லை. ஒரு விழாவுக்கு உடுத்திவிட்டு மறுநாள் திருப்பித் தருகிற பழக்கத்தைச் சிலர் சாமர்த்தியம் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள். அந்த வசதி நம்பிக்கையின்மேல் நிற்பது.

வேலைக்கு தினமும் கோட்டு சூட்டுதான் போடணுமா?

வங்கி, சட்டம், நேர்முகத் தேர்வு தவிர மற்ற இடங்களில் பெரும்பாலும் தேவையில்லை. கணினித் துறையில் காலர் வைத்த சட்டையும் பேன்ட்டும் போதும். முதல் நாள் சற்றுக் கூடுதல் ஒழுங்கோடு சென்று, மற்றவர்கள் உடுத்துவதைக் கவனித்து இரண்டாம் வாரத்திலிருந்து வாங்கத் தொடங்குங்கள். ஒரே சட்டையை அடுத்தடுத்த நாள் உடுத்துவது, துவைத்ததாகவே இருந்தாலும், பல அலுவலகங்களில் கவனிக்கப்படும்.

இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளுக்குச் செல்லும் செவிலியர்களுக்குச் சீருடை கொடுக்கப்படும். நோயாளிகளைக் கவனிக்கும்போது முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக்கூடாது என்பது தொற்றுத் தடுப்பு விதி. வளையல், கைக்கடிகாரம், கயிறு எல்லாம் கழற்றப்பட வேண்டும். கல் பதிக்காத ஒற்றை மோதிரம் மட்டும் அனுமதிக்கப்படும். கோயிலில் கட்டிய கயிற்றை அவிழ்க்க மனம் வராதவர்கள் புறப்படுமுன்பே வீட்டுப் பெரியவர்களிடம் பேசி, அதைப் பூஜையறையில் வைத்துவிட்டுப் போவது நல்லது.

மெட்டி போட்டுக்கிட்டு பூட்ஸ் போட முடியுமா? தாலியை வெளியில போடலாமா?

தடித்த காலுறைக்குள் உயர்ந்த வேலைப்பாடுள்ள மெட்டி விரலை அழுத்திப் புண்ணாக்கும். பட்டையான, மெல்லிய மெட்டியாக மாற்றிக்கொண்டு போங்கள். கும்பகோணம் வெள்ளிக் கடைகளில் சொன்னால் செய்து தருவார்கள். தாலியை உடைக்குள் போட்டுக்கொள்வதே பாதுகாப்பு. பனியில் உலோகச் சங்கிலி வெறும் கழுத்தில் சில்லென்று உறுத்துவதால், உள்ளாடைக்கு மேலே இருக்கும்படி போட்டுக்கொள்ளலாம். பொட்டு வைப்பதற்கு எங்கும் தடையில்லை.

புடவை கட்டிக்கிட்டு வெளியே போனா உத்து உத்துப் பார்ப்பாங்களா?

லண்டனின் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், டொராண்டோவின் ஸ்கார்பரோ, நியூ ஜெர்சியின் எடிசன் ஆகிய பகுதிகளில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நம்மவர் இல்லாத சிற்றூர்களில் பார்ப்பார்கள். பெரும்பாலும் அது ஆர்வம்தான், சிலர் அருகில் வந்து அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டும் போவார்கள். புடவையில்தான் நிமிர்ந்து நடக்க முடிகிறது என்கிற தாய்மார்கள் அதையே உடுத்திச் செல்லுங்கள். உங்களை மாற்றிக்கொள்ளச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

குளிர்காலத்தில் கட்டுவதற்குச் சில ஏற்பாடுகள் தேவை. மூன்று அடுக்கு பற்றிச் சொன்னதே இங்கும் பொருந்தும்: உள்பாவாடைக்குள் கம்பளி லெக்கின்ஸ், ரவிக்கைக்குப் பதிலாக உடலை ஒட்டிய முழுக்கை ஸ்வெட்டர், மேலே கணுக்கால்வரை நீண்ட கோட்டு. பனியும் உப்பும் கலந்த சாலைத் தண்ணீர் பட்டுப்புடவையின் கரையைக் கெடுத்துவிடுமாதலால், விழாவுக்குப் போகிறவர்கள் புடவையை முழங்கால் அளவுக்குத் தூக்கிச் செருகி, பூட்ஸோடு போய், மண்டபத்தில் இறக்கிவிட்டுச் செருப்பு மாற்றிக்கொள்கிறார்கள். சூடேற்றிய அறைகளின் வறண்ட காற்றில் செயற்கை இழைப் புடவை காலில் ஒட்டிக்கொண்டு படபடக்கும். பருத்தி உள்பாவாடை அதைக் குறைக்கும். நகரும் படிக்கட்டில் கொசுவத்தையும் முந்தானையையும் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

பிளவுஸ் எத்தனை தைச்சு எடுத்துக்கிட்டுப் போகணும்?

எடுத்துப் போகும் புடவைகளுக்கெல்லாம் தைத்துவிடுங்கள். அதைவிட முக்கியமாக, பக்கத் தையலில் உள்ளே ஓர் அங்குலமாவது துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், ஏனெனில் உணவும் குளிரும் மாறும்போது முதலாண்டில் உடல் பெருப்பதோ இளைப்பதோ இயல்பு. துணி விட்டிருந்தால் நீங்களே ஊசி நூலால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். சரியாகப் பொருந்தும் ஒரு பழைய ரவிக்கையை உங்கள் தையற்காரரிடமே கொடுத்துவிட்டுப் போங்கள். பின்னால் ஊரிலிருந்து தைத்து அனுப்ப அது அளவாக இருக்கும். கொக்கி, ஊக்கு, ஃபால்ஸ், ஒத்த நிற நூல் ஆகியவற்றை ஒரு சிறு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள்.

மெஷினில போட்டதும் குர்தா பாதியா சுருங்கிடுச்சு. எப்படித் துவைக்கறது?

சுருக்கியது பெரும்பாலும் உலர்த்தும் இயந்திரம்தான். நம் பருத்தி உடைகளைக் குளிர்ந்த நீரில் துவைத்து, உலர்த்தியில் போடாமல், மடக்குக் கொடியில் காயப்போட வேண்டும். உட்புறச் சீட்டில் தொட்டிப் படத்துக்குள் இருக்கும் எண் அதிகபட்ச நீர் வெப்பம். சதுரத்துக்குள் வட்டம் உலர்த்தியைக் குறிக்கும். எதன்மேல் குறுக்குக் கோடு இருந்தாலும் அதைச் செய்யக்கூடாது என்று பொருள். நம் தையற்காரர் தைத்த துணியில் சீட்டே இராதாகையால், ஐயமிருந்தால் குளிர்ந்த நீர், கைத்துவைப்பு. சாயம் போகும் சுங்குடியையும் கைத்தறியையும் முதல் சில முறை தனியாகவே அலசுங்கள்.

அறைக்குள் காயப்போடும்போது சன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடித்து, அது துணிக்கும் தொற்றும்.

என் கோட்டுல தாளிப்பு வாசனை அடிக்குதுன்னு கூட வேலை பார்க்கறவங்க சொல்றாங்க. என்ன செய்யறது?

இதைக் கேட்டுக் கண் கலங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நம் சமையலில் எந்தக் குற்றமும் இல்லை. அந்த வீடுகள் குளிருக்காக அடைத்துக் கட்டப்பட்டவை என்பதால் எண்ணெய்ப் புகை வெளியேற வழியின்றிக் கம்பளியில் போய்த் தங்குகிறது. சமைக்கும்போது கோட்டுகளை அலமாரிக்குள் வைத்து மூடுங்கள், படுக்கையறைக் கதவைச் சாத்துங்கள், புகைபோக்கி விசிறியைத் தாளிப்பதற்கு முன்பே போட்டு, முடிந்த பிறகும் சிறிது நேரம் ஓட விடுங்கள். சமையலுக்கென்று ஒரு சட்டையைத் தனியாக வைத்துக்கொண்டு, தலையைத் துணியால் மூடிக்கொண்டால் பெருமளவு தீர்ந்துவிடும். கோட்டை இரவு முழுவதும் காற்றாட மாட்டி வைத்தாலே வாசனை குறையும். அதற்காக அடிக்கடி சலவைக்குக் கொடுக்க வேண்டாம்.

வீட்டுக்குள்ள கைலி கட்டலாமா?

தாராளமாகக் கட்டலாம். மாணவர் விடுதியில் இருப்பவர்கள் மட்டும் கதவருகே ஒரு பேன்ட்டையும் கோட்டையும் மாட்டி வைக்க வேண்டும், ஏனெனில் தீ எச்சரிக்கை மணி அடித்தால் நள்ளிரவானாலும் எல்லோரும் உடனே வெளியே போயாக வேண்டும். வேட்டியைப் பொங்கலுக்கும் கோயிலுக்கும் உள்ளே தெர்மலோடு கட்டுங்கள். ஒட்டும் வேட்டியாக இருந்தால் காற்றுக்குப் பயமில்லை.

பிள்ளைங்க ஸ்கூலுக்கு என்ன வாங்கணும்?

இங்கிலாந்தில் பெரும்பாலான பள்ளிகளில் சீருடை உண்டு. பள்ளி முத்திரை பதித்த ஒன்றிரண்டை மட்டும் குறிப்பிட்ட கடையில் வாங்கி, சாம்பல் நிறப் பேன்ட், வெள்ளைச் சட்டை போன்றவற்றைப் பல்பொருள் அங்காடிகளில் மலிவாக வாங்கலாம். பழைய சீருடை கிடைக்கப் பள்ளிகளே வழி செய்ய வேண்டும் என்று அங்கே அரசு வழிகாட்டுதல் இருக்கிறது, அலுவலகத்தில் கேளுங்கள். கனடா, அமெரிக்கா, ஜெர்மனி அரசுப் பள்ளிகளில் பொதுவாகச் சீருடை இல்லை.

பனி பெய்தாலும் இடைவேளையில் குழந்தைகளை வெளியே விளையாட விடுவார்கள். பனிக் கால்சட்டை, நீர்புகாத பூட்ஸ், இரண்டு ஜோடி கையுறை, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு, இவை வேண்டும். ஐந்து விரல் கையுறையைவிட, விரல்களைச் சேர்த்து மூடும் கையுறை சிறு குழந்தைக்குக் கதகதப்பு.

மக அங்கே போய் ஜீன்ஸ், ஸ்கர்ட்டுன்னு மாறிட்டா. ஊருக்கு வந்தா நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு இருக்கு. நீங்க சொல்லுங்களேன்.

அம்மா, அவள் அங்கே உடுத்துவதைத் தீர்மானிப்பது வேலையும் வானிலையும்தான். ஆய்வுக்கூடத்தில் தொங்கும் துப்பட்டா அடுப்பிலோ இயந்திரத்திலோ சிக்கும். மிதிவண்டியில் வகுப்புக்குப் போகிற ஊரில் ஜீன்ஸ்தான் வசதி. தனியாக ஓர் ஊரில் வாழக் கற்றுக்கொண்டிருக்கும் பெண்ணிடம் தொலைபேசியில் முதலில் உடையைப் பற்றிக் கேட்டால், அடுத்த முறை அவள் உடம்பு சரியில்லாததையும் சொல்லமாட்டாள் என்பதே என் கவலை. ஊருக்கு வரும்போது இரண்டு நல்ல சுடிதார் தைத்து அலமாரியில் வைத்திருங்கள், எடுத்து உடுத்திக்கொள்வாள். நாலு பேருக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

கல்யாணத்துக்கு வீடியோ காலில புடவை எடுக்கறோம். நிறம், பட்டு எல்லாம் சரியா இருக்குமான்னு எப்படித் தெரியும்?

கடைக்குள் இருக்கும் விளக்கொளியில் நிறத்தை நம்ப வேண்டாம். புடவையை வாசலுக்கு எடுத்து வந்து, பகல் வெளிச்சத்தில், ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தாள் திரையில் வெள்ளையாகத் தெரிந்தால் நிறமும் ஏறக்குறைய சரியாக இருக்கும். பட்டுக்கு, மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் இயங்கும் சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்து இழை ஒன்றை உருவி எரித்தால் முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்துபோக வேண்டும். உருகி உருண்டையானால் அது செயற்கை இழை.

நம் பக்கத்திலேயே 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திருபுவனம் பட்டு இருக்கிறது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கினால் ஜரிகையின் தரத்தையும் பில்லில் எழுதி வாங்கலாம். கூறைப்புடவைக்கு மயிலாடுதுறை கூறைநாடு. ஒளிப்படத்தில் எடை தெரியாது என்பதால் எத்தனை கிராம் என்றும் கேளுங்கள். நெடுநேரம் கட்டிப் பழகாத பெண்ணுக்குக் கனமான ஜரிகைப் புடவை பெரிய சிரமம்.

அந்தப் புடவையை இங்கேர்ந்து பார்சல்ல அனுப்புனா அங்கே வரி போடுவாங்களா?

போடுவார்கள். தனிமனிதர் தனிமனிதருக்கு அனுப்பும் பரிசுக்கு வரிவிலக்கு வரம்பு மிகச் சிறியது: பிரிட்டனில் 39 பவுண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ, கனடாவில் 60 கனடிய டாலர். கல்யாணப் பட்டுப்புடவை இதற்குள் அடங்காது. வரியோடு அஞ்சல் நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் சேர்ந்து, அதைக் கட்டினால்தான் பொருள் கைக்கு வரும். விலையைக் குறைத்து எழுதச் சொல்லிச் சிலர் ஆலோசனை தருவார்கள். கண்டுபிடித்தால் பார்சல் முடங்கும், தொலைந்தால் நீங்கள் எழுதிய சிறு தொகைக்குத்தான் இழப்பீடு.

ஆள் யாராவது போகும்போது கொடுத்தனுப்புவது மேல். விமானத்தில் வருகிறவர் தம் உபயோகத்துக்கோ பரிசாகவோ கொண்டுவரும் பொருளுக்குப் பிரிட்டனில் 390 பவுண்டு வரையும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 430 யூரோ வரையும் வரி இல்லை. பார்சலிலேயே அனுப்ப வேண்டியிருந்தால், பட்டுப்புடவை, ரவிக்கை என்று பொருளைத் தெளிவாக எழுதி, உண்மையான விலையைக் குறித்து, கடை பில்லின் ஒரு நகலை உறைக்கு வெளியிலும் ஒன்றை உள்ளேயும் வைத்து அனுப்புங்கள். புடவையைப் பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்டால் மழையிலும் ஜரிகை கறுக்காது.